இராணியின் நீலக் கோட்

உங்களில் ஒருத்தி போன கிழமை தொலைபேசியில் கேட்டாள்: "மாமா, பொஸ் ஒட்டியிருக்கிறதை எடு எண்டு சொல்றார். கை எடாதை எண்டு சொல்லுது. என்ன செய்யிறது?"

"யோசிச்சுச் சொல்றன்" என்று வைத்துவிட்டேன். உண்மையில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. சொல்ல ஒரு கதைதான் இருந்தது, அது தொலைபேசிக்குள் அடங்காது. அதனால் எழுதுகிறேன். டென்மார்க்கில் பிறந்து, பழைய காகிதங்களைப் பேணுகிற இந்தத் தொழிலுக்கு வந்திருக்கும் எங்கள் பிள்ளைகள் நாலைந்து பேரும் வாசியுங்கள். தமிழ் வாசிக்கக் கஷ்டமென்றால் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவருக்கும் பொழுது போகும்.

காகிதத்தை எப்படி நனைப்பது, எப்படி உலர்த்துவது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் படித்து வந்தவர்கள், நான் விழுந்தெழும்பி வந்தவன். ஆகவே அதை விடுவோம். கை பரபரக்கும்போது என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நான் அகதியாக வந்து மொழிப்பள்ளி முடித்து ஹேர்னிங் என்ற ஊரில் இருந்தேன். யாழ்ப்பாணத்தில் புத்தகம் கட்டுகிற வேலை பார்த்தவன் என்று சொன்னதைக் கேட்ட கொம்யூன், அதாவது நகரசபை, அலுவலர், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த ஒரு அருங்காட்சியகத்தின் காகிதப் பட்டறைக்கு என்னைப் பயிலுநராக அனுப்பிவிட்டார். என்னோடு வந்த பெடியள் எல்லாரும் துணி ஆலையில் நின்றார்கள். குளிர்காலம் முடியும்போது என்னை வைத்திருப்பதா, ஆலைக்கு அனுப்புவதா என்று அருங்காட்சியகம் முடிவு சொல்லும். ஆலை வேலை ஒன்றும் குறைந்ததில்லை. ஆனால் எனக்குக் காகிதம் வேண்டும். ஊரையும் வீட்டையும் விட்டு வந்தவனுக்குக் கையில் மிஞ்சிய ஒரே பழக்கம் அதுதான். அதையும் பறிகொடுத்தால் நான் யார் என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்று பயந்து திரிந்தேன்.

பட்டறைத் தலைவி ஐம்பது வயதைத் தாண்டிய டேனிஷ் பெண்மணி. இந்த நாட்டில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு நாக்கு வரவில்லை. பழைய தொழிலாளர் தங்கள் தொழில் ஆசானைக் கூப்பிடுவதுபோல 'மெஸ்டர்' என்று கூப்பிட்டேன். முதலில் முறைத்தார், பிறகு பழகிவிட்டார். இங்கே எல்லாருக்கும் ஒரே 'டு'தான். அதை நான் தமிழில் 'நீர்', 'நீங்கள்' என்று எழுதுகிறேன், 'நீ' என்றால் என் மனதுக்குச் சரிவராது.

மெஸ்டர் நான் சேர்ந்த நாளிலேயே ஒன்று சொன்னார். "உம்மட கை அவசரக் கை. அது பரபரக்கேக்கை உடனே சட்டைப் பைக்குள்ள விடும். பைக்குள்ள இருக்கிற கை ஒண்டையும் கிழிக்காது." பட்டறை மேலங்கியின் இரண்டு பைகளும் என்னால் தொங்கிப்போயின. அவ்வளவு பரபரப்பு எனக்கு அந்தக் காலத்தில். வேலை நிலைக்குமா தெரியாது, ஊரிலிருந்து கடிதம் ஒழுங்காக வரவில்லை, வந்த கடிதமும் நல்லதாக இல்லை.

அந்தக் குளிர்காலம் எங்கள் மேசைக்கு வந்தது ஒரு மடிப்புத் தட்டி. மரச்சட்டங்களைக் கீல் போட்டு இணைத்து, துணி இழுத்துக் கட்டி, மேலே படங்கள் ஒட்டி, குளிர்காற்று படாமல் கட்டிலுக்கு அருகே விரித்து நிறுத்துவார்களே, அதுதான். நாட்டின் மேற்குக் கடற்கரையில் தனியாக வாழ்ந்த மாரென் என்ற வயதான அம்மாவின் பண்ணை வீட்டிலிருந்து கண்காட்சிக்காக இரவலாக வந்திருந்தது. ஒட்டியிருந்தவை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் அச்சடித்துக் கையால் நிறம் தீட்டிய கேலிப்படங்கள். கரையில் உடைந்த ஏதோ கப்பலோடு வந்திருக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள்.

படங்களின் கதை இதுதான். இங்கிலாந்து இராசா தன் இராணியைத் தள்ளிவைக்கப் பார்த்தார். தான் போகிற இடமெல்லாம் வைப்பாட்டி வைத்துக்கொண்டு, இராணிக்கு இத்தாலிய வேலைக்காரனோடு தொடர்பு என்று பாராளுமன்றத்தில் வழக்குப் போட்டார். சாட்சியங்களைப் பச்சைப் பைகளில் கட்டிக் கொண்டுவந்தார்களாம். படம் வரைகிறவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! இராசாவின் வயிறு பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். தலைக்குப் பதிலாகப் பச்சைப் பை இருக்கும். இராணியையும் அவர்கள் சும்மா விடவில்லை. ஒரு படத்தில் அவர் குளிக்கும் தொட்டிக்குள் அரை நிர்வாணமாக இருக்கிறார், வேலைக்காரன் வாளியால் தண்ணீர் ஊற்றுகிறான், கதவிடுக்கு, திரை, யன்னல் எல்லாவற்றுக்குள்ளாலும் பிரபுக்கள் எட்டிப்பார்த்து இளிக்கிறார்கள்.

முதல் நாள் பார்த்தபோது எனக்கு வியர்த்துவிட்டது. எங்கள் நாட்டில் ஆட்சியில் இருப்பவரை இப்படி வரைந்தால் வாசலில் ஜீப் நிற்கும்.

"வரைஞ்சவனைப் பிடிச்சு அடைக்கேல்லையோ?" என்று மெஸ்டரைக் கேட்டேன்.

"வெருட்டிப் பாத்தவை. சரிவரேல்லை. பிறகு காசு குடுத்து வாயை அடைக்கப் பாத்தவை" என்றார்.

தட்டியில் ஒரு விசேஷம். இராணி உடுப்பில்லாமல் இருந்த மூன்று இடங்களிலும் யாரோ பிற்காலத்தில் நீலத்தாள் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அந்தக் காலத்தில் சீனிக் கட்டியைச் சுற்றி விற்ற தடித்த நீலத்தாள். அடுப்புப் புகை படிந்து கறுத்துப்போயிருந்தது. மேற்குக் கரைக்காரர் தேவபக்தியில் இறுக்கமானவர்கள், நடனமும் இல்லை, சீட்டும் இல்லை. அப்படிப்பட்ட ஒரு வீட்டுக்காரர் வெட்கத்தை மறைத்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்தோம். நானும்தான். எங்கள் ஊரிலும் கலண்டர்ப் படத்துக்குப் பேனையால் சட்டை கீறுகிற ஆட்கள் இருந்தார்கள்.

கண்காட்சிப் பொறுப்பாளர் கொப்பன்ஹேகனில் படித்த இளைஞர். தாடி, சிகரெட், ஓயாத கால். கெட்டவர் இல்லை, அந்தப் படங்களில் அவருக்கு உயிர். கண்காட்சிக்கு முந்தின கிழமை மெஸ்டர் பனியில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டு வைத்தியசாலையில் கிடந்தார். அந்த நேரம் பார்த்துப் பொறுப்பாளர் ஒரு நாள் காலையில் பட்டறைக்குள் வந்தார்.

"அந்த நீலத் துண்டுகளை எடுத்துவிடும். நாளைக்குக் காலமை படம் பிடிக்க ஆள் வருகுது" என்றார்.

நான் தயங்கினேன். அவர் மேசையில் இருந்துகொண்டு ஆறுதலாக விளங்கப்படுத்தினார். "ஒரு இராசாவாலேயே காசு குடுத்து அடக்க முடியாத சிரிப்பு இது. அதின்ரை வாயை ஆரோ ஒரு பண்ணைக்காரர் பொத்திப்போட்டார். நாங்கள் அந்தக் கையை எடுத்துவிடுறம், அவ்வளவுதான். உம்மட கை நல்ல கை எண்டு மெஸ்டர் சொன்னவ. இதைச் செய்து காட்டும், மிச்சத்தை நான் மேலிடத்தில கதைக்கிறன்."

மிச்சம் என்றால் என் வேலை. நான் "யா, யா" என்றேன். வந்த நாள் முதல் இந்த நாட்டில் ஒருவருக்கும் நான் 'நை' என்று, அதாவது மாட்டேன் என்று, சொன்னதில்லை. விளங்கினாலும் யா, விளங்காவிட்டாலும் யா. அவர் சந்தோஷமாகப் புறப்பட்டு, அச்சகத்தைப் பார்க்க ஒடென்சே நகரத்துக்குப் போய்விட்டார். அடுத்த நாள் காலைதான் திரும்புவார்.

தொட்டிப் படத்தில் தொடங்கினேன். ஒரு மூலை இலேசாக எழும்பியது. தொடர்ந்து செய்தால் மத்தியானத்துக்குள் முடியும் என்று கை துடித்தது. ஆனால் ஈரப்பஞ்சு பட்ட இடத்தில் புகைக்கரி கழன்று, நீலத்தாளின் மேலேயே பென்சில் கோடுகள் தெரிய ஆரம்பித்தன. சின்னச் சின்ன வட்டங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக. பொத்தான்கள். பிறகு கழுத்தைச் சுற்றிச் சுருள் சுருளாக ஒரு கோடு, ஆட்டுத்தோல் கொலர் மாதிரி. இன்னும் கொஞ்சம் துடைத்தேன். இடுப்புப் பக்கத்தில், கை விடுகிற ஒரு பை.

வெட்கத்தை மறைக்கிறவன் ஒரு துண்டை அப்பிவிட்டுப் போவான். பொத்தான் எதற்கு? கொலர் எதற்கு? அதுவும் ஒரு பை எதற்கு? இது மறைப்பே இல்லை. இது ஒரு கோட்.

இரண்டு கையையும் மேலங்கிப் பைக்குள் விட்டேன். அறைக்குள் மேலும் கீழும் நடந்தேன். பொறுப்பாளரைப் பிடிக்க வழியில்லை. வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து, மெஸ்டரைக் கூப்பிடச் சொல்லி, நடந்ததைச் சொன்னேன். வலியில் இருந்தார்.

"கை எங்கை?" என்றார் முதலில்.

"பைக்குள்ள."

"நல்லது. உம்மட மேசையிலை இருக்கிற சாமானோடை வாழ்ந்த ஆள் ஆர்?"

"மாரென் எண்ட அம்மா."

"பிறகேன் என்னைக் கேக்கிறீர்?" என்று வைத்துவிட்டார்.

மாரென் வீட்டுக்கு எடுத்தேன். என் டேனிஷ் அப்போது மூக்கால் வரும். அவருடையது மேற்குக் கரைப் பேச்சு, தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும். "பிழையான நம்பர்" என்று வைத்தார். மறுபடி எடுத்தேன், மறுபடி வைத்தார்.

அப்போது எனக்கு வந்த யோசனை தமிழருக்கு மட்டுமே வரக்கூடியது. நேரே போய்விடுவோம்! இங்கே சொந்த அண்ணன் வீட்டுக்குப் போவதென்றாலும் திகதி வைத்துத்தான் போவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரம் மறந்தேபோனது. எழும்பிய நீலத்தாள் மூலையைப் பாரம் வைத்துப் பாதுகாத்துவிட்டு, ஹேர்னிங்கில் இருந்த சேவியர் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். மன்னார் ஆள், துணி ஆலையில் இரவு வேலை, கார் வைத்திருந்தார். நித்திரையால் எழும்பி வந்தார்.

வந்தவர் கையில் ஒரு ஐஸ்கிறீம் பெட்டி.

"என்ன அண்ணை இது?"

"மீன் ரோல்ஸ். ஒரு வயசுபோன மனுசி வீட்டை வெறுங்கையோடை போறதோ?"

வழி நீளத்துக்கும் காற்று காரை இழுத்தது. சேவியர் அண்ணை கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு கடுதாசித் துண்டுக்காகவோ என்னை எழுப்பினனி?" என்றார். பிறகு இன்னும் கொஞ்சத் தூரம் ஓட்டிவிட்டு, "அது சரி, கோட்டுக்குப் பை ஏன் கீறினது?" என்று அவரே கேட்டார்.

மாரென் கதவைத் திறந்தார். மெலிந்த உருவம், கம்பளி மேற்சட்டை. வாசலில் கறுத்த ஆண்கள் இருவர், ஒருவர் கையில் பெட்டி. நான் அருங்காட்சியகத்தின் பெயரைச் சொன்னேன். அவருடைய முகம் வெளுத்துப்போனது. அழைக்காமல் ஆள் வந்தால் இங்கே அது கெட்ட செய்திதான். தட்டி எரிந்துவிட்டது, உடைந்துவிட்டது என்று எண்ணியிருக்கவேண்டும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்ட முதற்கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

"அவவின்ரை கோட் இருக்கோ?"

தட்டி இருக்கிறதா என்று கேட்கவில்லை. நான் "இருக்கு, இருக்கு" என்றேன்.

உள்ளே கூப்பிட்டுக் கோப்பி வைத்தார். ரோல்ஸைக் கத்தியாலும் முள்ளுக்கரண்டியாலும் வெட்டிச் சாப்பிட்டார். உறைப்பில் கண்ணால் தண்ணீர் வடிந்தது, ஆனால் மிச்சம் வைக்கவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். சிறுமியாக இருந்தபோது ஒரு குளிர்காலம் முழுக்க நெஞ்சுச்சளியில் கட்டிலோடு கிடந்தாராம். காற்றுப் படாமல் தட்டியைச் சுற்றி வைத்திருந்தார்கள். பார்க்க வேறொன்றும் இல்லை, அந்தப் படங்கள் மட்டும்தான்.

"எல்லாரும் அவவைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு நிண்டவை. ஏன் சிரிக்கினம் எண்டு எனக்கு விளங்கேல்லை. அவ தண்ணிக்குள்ள இருக்கிறா எண்டது மட்டும் விளங்கினது. எனக்குக் குளிர்ந்தது. அவவுக்கும் குளிரும்தானே? அம்மாட்டைச் சீனித்தாளும் கத்திரிக்கோலும் கேட்டனான்."

"பை?" என்றேன்.

"கை குளிருமெல்லோ."

சேவியர் அண்ணை எழும்பி யன்னல் பக்கம் போய் நின்றார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பொறுப்பாளர் கேட்கிறார், எடுக்கலாமா? மாரென் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "நீங்கள் படிச்ச ஆக்கள். தேவையெண்டால் எடுங்கோ. எனக்கு இப்ப குளிர் இல்லை" என்றார். அதைச் சொல்லும்போதே மேற்சட்டையின் கைகளை இழுத்து விரல்களை மூடிக்கொண்டார்.

அனுமதி கிடைத்துவிட்டது. திரும்பி வரும்போது எனக்கு முன்னைவிட அந்தரமாக இருந்தது. அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிட்டு நான் தப்பியிருப்பேன். இப்போது முடிவு என் தலையில். உங்களுக்கும் இப்படி நடக்கும், பிள்ளைகள். அனுமதி வாங்கிவிட்டால் பொறுப்பு இறங்கிவிடும் என்று நினைப்பீர்கள். இறங்காது, கூடத்தான் செய்யும்.

மறுநாள் காலை பொறுப்பாளரும் படம் பிடிப்பவரும் வந்தார்கள். நீலக் கோட் மூன்றும் அப்படியே இருந்தன. நடந்ததெல்லாம் சொன்னேன். ஈரம் பட்ட இடத்துப் பொத்தான்களைக் காட்டினேன்.

"அவ சம்மதிச்சவ எண்டுதானே சொல்லுறீர்?" என்றார் அவர்.

"ஓம்."

"அப்ப எடும்."

"நை" என்றேன்.

அந்தச் சொல் எனக்கே புதிதாகக் கேட்டது. ஆலையின் தறிச் சத்தம் காதில் விழுவதுபோல இருந்தது. பைக்குள் இருந்த கையை எடுக்காமலே, உடைந்த டேனிஷில் சொன்னேன்: "நீங்கள் சிரிப்பைக் காப்பாத்தப் பாக்கிறீங்கள். அது பிழையெண்டு சொல்லேல்லை. ஆனா இந்தப் படத்தைப் பாத்துச் சிரிக்காத ஆள் ஒருத்தி இருந்திருக்கிறா. அவ வேறை ஒரு இடத்திலயும் இல்லை, இந்தத் தட்டியில மட்டும்தான் இருக்கிறா. எடுத்தால் திருப்பி வைக்கேலாது. வேறை ஆளைக் கொண்டு எடுப்பியுங்கோ. நான் எடுக்கமாட்டன்."

அவர் கோபத்தில் சிவந்தார். சிகரெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யன்னலால் பார்த்தேன். பனிக்குள், மேலங்கி போடாமல், ஒற்றைச் சட்டையோடு நின்று புகைத்தார். ஒரு கையில் சிகரெட், மற்றக் கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு காலை மாற்றி மாற்றி வைத்தார். படம் பிடிப்பவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றோம். என் வேலை போய்விட்டது என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

உள்ளே வந்தபோது அவருடைய பற்கள் அடித்துக்கொண்டன. தட்டிக்கு முன்னால் குனிந்து அந்தப் பையை நெடுநேரம் பார்த்தார்.

"இருக்கிறபடியே படம் எடும்" என்றார் படக்காரரிடம். என்னைப் பார்த்து, "அந்த மூலையை ஒழுங்கா ஒட்டிவிடும்" என்றார். அவ்வளவுதான். மற்ற இரண்டிலும் பை இருக்கிறதா என்று அன்று பின்னேரம் அவரே விளக்கைப் பிடித்துக்கொண்டு தேடினார். இருந்தது.

மூலையை ஒட்டினேன். என் திறமை முழுவதையும் காட்டி ஒட்டினேன் என்றுதான் நினைத்தேன்.

திறப்பு விழாவுக்கு மெஸ்டர் ஊன்றுகோலோடு வந்து என் பக்கத்தில் நின்றார். மாரெனை அயலவர் ஒருவர் காரில் கொண்டுவந்தார். பொறுப்பாளர் போய் அவர் போட்டுவந்த கோட்டைத் தன் கையால் வாங்கிக் கொக்கியில் மாட்டினார். சனம் இராசாவின் வயிற்றைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது. மாரென் நேரே தொட்டிப் படத்துக்குப் போனார். மூக்கு முட்டக் குனிந்து பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்த மூலை நீர் ஒட்டினதோ?"

"ஓம்."

"சரிஞ்சிருக்கு. நான் நேரா ஒட்டினனான்."

நான் வாய் திறக்க முதல் அவர் கட்டைவிரலை நாக்கில் தொட்டு நனைத்தார். காவலாளி ஓடி வந்தார், பொறுப்பாளர் கையை நீட்டி அவரை மறித்தார். நூற்றாண்டைத் தாண்டிய காகிதம், எச்சில்! பாய்ந்து தடுக்க என் கை எழும்பியது. மெஸ்டர் அதைப் பிடித்து என் சட்டைப் பைக்குள் விட்டு, வெளியே வராமல் அமத்திப் பிடித்துக்கொண்டார்.

மாரென் அந்த மூலையை மெல்ல நகர்த்தி, நேராக்கி, விரலால் அழுத்தினார். அவசரமில்லாமல், பிள்ளையின் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறவர் மாதிரி. பிறகு தலையாட்டிவிட்டுக் கோப்பி எங்கே என்று கேட்டார்.

நான் அந்தப் பட்டறையிலேயே நின்று, அங்கேயே நரைத்து, அங்கிருந்தே ஓய்வு பெற்றேன். மாரென் இறந்த பிறகு தட்டி எங்களிடமே வந்து சேர்ந்தது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் அதை விரித்துப் பார்ப்பேன். நல்ல பசை போட்டு, முறைப்படி நான் ஒட்டிய மற்ற இடங்களெல்லாம் காலத்துக்குக் காலம் எழும்பின, திரும்பத் திரும்ப ஒட்டினேன். அந்த மூலை மட்டும் எழும்பவேயில்லை.